பதினொன்றாம் தேதி

சூலூர் தாண்டி, கோழிப்பண்ணைக்குப் பின்னால்
ஐம்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு மண்மேடு.
ஆடி மாசம்.
பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்தால்
இங்கே குறித்தாள் படபடக்கிறது.

மேசைமேல் இரண்டு துப்பாக்கிகள்.
இரண்டுமே போல்ட்டை இழுத்துத் தள்ளுகிற ரகம்,
இரண்டுக்கும் ஒரே தோட்டா, பாயின்ட் டூ டூ.
ஒன்று வால்நட் கட்டை,
மில் முதலாளி வீட்டுக் கண்ணாடி அலமாரியில்
எண்ணெய் குடித்துத் தூங்கி எழுந்து வந்தது.
மற்றதன் கட்டையில்
யாரோ தன் கன்னத்துக்கு இடம் வேண்டி
உளியால் செதுக்கியிருக்கிறார்கள்.
குழலில் நீலம் தேய்ந்து தகரநிறம்.

"பாத்தாலே தெரியுதுங்களே எது வேணும்னு"
என்றார் பொன்னுரங்கம்.

பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது.
கணபதியில் பம்ப் கம்பெனி,
பதினேழு வருஷமாய் அளப்பதுதான் வேலை.
பளபளவென்று ஒரு ஷாஃப்ட் வரும்,
மைக்ரோமீட்டர் அதன் மானத்தை வாங்கும்.

மணல்மூட்டை. ஒரே டப்பா, ஒரே லாட் தோட்டா.
ஆளுக்கு ஐந்து.

வால்நட்டின் போல்ட் வெண்ணெயாய் வழுக்கியது.
விசைதான்
விரல் எங்கே போகிறதென்று விரலுக்கே தெரியாமல்
போய்க்கொண்டே இருந்தது. பிறகு, திடீரென்று, வெடி.
பத்து. ஒன்பது. எட்டு. ஒன்பது. பத்து.
நடுப்புள்ளியைச் சுற்றிக் கோலம்.
"ரண்டு பத்துங்!"

தேய்ந்ததின் போல்ட் கடைசி அரை அங்குலத்தில்
கொஞ்சம் முரண்டியது, பிறகு பூட்டிக்கொண்டது.
விசை, காய்ந்த முருங்கைக் குச்சி.
இதோ இதோ என்பதில்லை; ஒடிந்தது, அவ்வளவுதான்.
ஒரு பத்தும் இல்லை.
இடது கீழே, ஏழாம் வளையத்தில்,
ஐந்தும் சேர்ந்து தின்ற ஒரே ஓட்டை.
பொன்னுரங்கம் மரியாதைக்கு எதுவும் சொல்லவில்லை.

வெர்னியரை எடுத்தேன்.
ஓரத்திலிருந்து ஓரம் பதினாறு புள்ளி எட்டு,
தோட்டாவின் தடிமன் ஐந்து புள்ளி ஆறு கழித்தால்
பதினொன்று புள்ளி இரண்டு.
ஒரு சட்டைப் பொத்தான்.

எங்கள் கம்பெனியில் சம்பளம் பதினொன்றாம் தேதி.
தாமதம்தான்.
ஆனால் எப்போதும் பதினொன்று.
அதை நம்பிச் சீட்டுக் கட்டுகிறேன்,
பால்காரரிடம் தலைநிமிர்ந்து தவணை சொல்கிறேன்.
முந்தி இருந்த பவுண்டரியில் ஒருமாதம் ஒன்றாம் தேதியே கொடுப்பார்கள்,
மறுமாதம் இருபத்து மூன்று.
ஒன்றாம் தேதி கிடைத்த மாதங்களை
அங்கே இருந்தவர்கள் இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

பார்வைத்துளையின் திருகைத் தொட்டேன்.
மேலே எட்டுச் சொடுக்கு.
வலதே ஆறு.
ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தில் கேட்டது.

புதுத் தாள். காற்று கொஞ்சம் அசந்த நேரம்.
பத்து.
பத்து.
பத்து.
நான்காவதும் அதே ஓட்டைக்குள், பத்து.
ஐந்தாவது
வலது மேலே, தனியாக, எட்டு.

துப்பாக்கியைப் பார்த்தேன்.
அது முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.
தோட்டாவைச் சொல்லலாமா? அதே டப்பா.
காற்றையா? கயிற்று ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தது.
வால்நட்டில் சுட்டிருந்தால் அந்த எட்டு
மற்றவற்றோடு கலந்து வீடு போய்ச் சேர்ந்திருக்கும்,
யாருடையது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இதுவே போதுங்" என்றேன்.

அவருக்கு நம்பிக்கையில்லை. விலையில்
இரண்டாயிரம் தானாகவே குறைத்தார், பாவம்.
இனி கலெக்டர் ஆபீஸ், காகிதம், மூன்று மாசம்;
அதுவரை இது கிளப் பெட்டகத்தில் அவர் பொறுப்பு.
போல்ட்டைக் கழற்றித் தனியே துணியில் சுற்றினேன்.
தாளின் மூலையில் தேதி போட்டு
ம. மயிலாத்தாள் என்று எழுதும்போது
எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"அந்த எட்டு மட்டும் எப்படிங் வந்துச்சு?"

"நாலு பத்த எண்ணிட்டனுங்."